உண்ணுதல் கோளாறிலிருந்து மீள்பவர்களுக்கு யோகா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்களும் அவர்கள் வீட்டாரும் யோகா பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடை, கலோரி போன்ற எண்கள் எதுவும் இதில் இருக்காது. அவற்றைப் படித்த உடனே தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க வைப்பதுதான் இந்த நோயின் வேலை என்பதால் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

உண்ணுதல் கோளாறு என்று எதைச் சொல்கிறீர்கள்? டயட் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. டயட் இருப்பவர் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதை மறந்துவிடுவார். உண்ணுதல் கோளாறு உள்ளவருக்கு அந்தப் பந்தியில் உட்கார்வதே ஒரு வாரக் கவலை. உணவைக் கடுமையாகக் குறைத்து உடல் வற்றிப்போகும் அனோரெக்சியா, கட்டுப்பாடின்றி உண்டபின் வாந்தியாலோ மலமிளக்கியாலோ அதை ஈடுகட்ட முயலும் புலிமியா, ஈடுகட்டாமல் அடிக்கடி அளவு மீறி உண்டு குற்ற உணர்வில் தவிக்கும் பிஞ்ச் ஈட்டிங் ஆகியவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல்தான் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

இது மேல்நாட்டுப் பணக்காரப் பெண்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் 1990களிலேயே சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடம் உணவு சார்ந்த மனக்கலக்கத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஆசிய நாடுகளில் இந்த நோய் வேறு முகத்தோடும் வரும். “குண்டாகிவிடுவேன்” என்று சொல்லாமல், “வயிறு நிறைந்த மாதிரியே இருக்கிறது”, “பசியே எடுப்பதில்லை” என்று சொல்வார்கள். வீட்டில் அதைக் குடல் பிரச்சினை என்று நினைத்து ஸ்கேனுக்குப் பின் ஸ்கேனாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

யோகா இதைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. அப்படிச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகி இருங்கள்.

மனநல மருத்துவர், உளவியல் ஆலோசகர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. சிறு வயதினருக்கு, பெற்றோர் உணவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்பச் சிகிச்சையும், புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் நன்கு சோதிக்கப்பட்டவை. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். மனநோய்களிலேயே அதிக உயிரிழப்பை உண்டாக்குபவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. “முதலில் யோகா செய்து பார்ப்போம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போகலாம்” என்று தள்ளிப்போட இதில் நேரம் கிடையாது.

பிறகு எதற்கு யோகா?

பட்டினி கிடக்கும் மூளையோடு எந்தப் பயிற்சியும் பேச முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அதற்கு முன் உணவைப் பற்றிப் பெரிதாக யோசிக்காதவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் பிசைந்து தின்றார்கள், எரிச்சலும் சோர்வுமாகத் தனிமையில் ஒதுங்கினார்கள். நாம் நோயாளியின் “பிடிவாதம்” என்று திட்டுவதில் ஒரு பகுதி பட்டினியின் விளைவு. அதைச் சோறுதான் தீர்க்கும். மூச்சுப் பயிற்சி தீர்க்காது.

சாப்பாடு ஓரளவு சீரான பிறகு யோகாவுக்கு இடம் வருகிறது. நெடுநாள் பசியை அடக்கியவருக்குப் பசி, நிறைவு, களைப்பு, சிறுநீர் முட்டுவது போன்ற உள் அறிகுறிகள் மங்கிப்போயிருக்கும். பதற்றத்தையும் பசியையும் பிரித்தறியவே தடுமாறுவார்கள். மெதுவாகச் செய்யும் ஆசனத்தில் “வலது தொடையில் என்ன தெரிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது” என்று கவனிப்பது அந்தத் தொடர்பை மறுபடி பழக்குகிறது. கண்ணாடியில் வெளியிலிருந்து பார்த்தே தீர்ப்பெழுதிய உடம்பை உள்ளிருந்து உணரும் அரைமணி நேரம் அது. இன்னொரு பயன் சாதாரணமானது, ஆனால் பெரிது. சாப்பிட்டு முடித்த பின் வரும் படபடப்பை வாந்தியோ ஓட்டமோ இன்றிக் கடக்க ஒரு வழி கிடைக்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. சியாட்டிலில் 2010இல் வெளியான ஆய்வில், 11 முதல் 21 வயதுவரையான 54 பேரை (50 பெண்கள், 4 ஆண்கள்) இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மற்றதற்கு அதோடு எட்டு வாரம் தனித்தனி யோகப் பயிற்சி. யோகா சேர்ந்த குழுவில் நோய் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை தணிந்தது, எடையும் குறையவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் மருத்துவர்களின் பெரிய பயத்தைப் போக்கியது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தன் உடல்மீது அதிருப்தி கொண்ட கல்லூரிப் பெண்களிடையே 2007இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், யோகா செய்தவர்களுக்கும் எதுவும் செய்யாதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எப்படிப்பட்ட யோகா, யார் சொல்லித்தருகிறார், எந்தச் சிகிச்சையோடு சேர்ந்து என்பதைப் பொறுத்தே பலன் என்று நான் இதை வாசிக்கிறேன்.

எப்போது ஆரம்பிக்கலாம்?

மருத்துவர் சரி என்ற பிறகு. “கொஞ்சம் உடற்பயிற்சி செய்யலாமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “ஆசனம் செய்யலாமா, நின்று செய்பவையா, படுத்துச் செய்பவையா, எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். நாடித்துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபோதும் ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் அவர் சொல்வார். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். மாதவிடாய் நெடுங்காலம் நின்றுபோனவர்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனையும் தேவைப்படும்.

நீண்ட பட்டினிக்குப் பின் மறுபடி உணவு தொடங்கும் முதல் நாட்களில் மிகுந்த கவனம் தேவை. பாஸ்பேட் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்டுவார்கள். அப்போது யோகா என்றால் படுத்தபடி மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். அதுவும் விருப்பமிருந்தால்.

எந்த ஆசனங்கள் ஏற்றவை, எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

தரையோடு ஒட்டியவற்றில் தொடங்குவது நல்லது. பூனைபோல் கைகளிலும் முழங்கால்களிலும் நிற்கும் மார்ஜரி ஆசனம், மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனம், பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்துத் தலையணைமேல் சாய்ந்து செய்யும் சுப்த பத்த கோணாசனம், சுவரில் கால்களைச் சாய்த்துப் படுப்பது ஆகியவை போதும். உடல் தேறியபின் நேராக நிற்கும் தாடாசனம், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம். நின்று செய்யும் ஆசனங்களுக்கு மனநிலையில் ஒரு தனி மதிப்பு உண்டு: தன் காலில் நிற்கும் பலத்தை உணர்வது, அளவெடுப்பதை மறக்க வைக்கிறது.

மெலிந்தவர்களுக்கு மெல்லிய யோகா பாய் போதாது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் தரையில் உரசிப் புண்ணாகும். ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். உடல் சூடு சீக்கிரம் இறங்கும் என்பதால், அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் போர்வையும் காலுறையும் வேண்டும், சென்னை வெயிலிலும்கூட.

எலும்பு தேய்ந்திருந்தால் பஸ்சிமோத்தாசனம்போல முதுகை வளைத்து முன்னால் இழுக்கும் ஆசனங்கள் முள்ளெலும்பில் முறிவை உண்டாக்கலாம். சிரசாசனமும் சர்வாங்காசனமும் கழுத்தில் பாரம் ஏற்றுபவை. புலிமியா இருந்தால் அமிலம் மேலேறும் தொல்லையும் சேரும். குனிந்து திடீரென நிமிர்ந்தால் தலைசுற்றி விழலாம். ஆகவே ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் ஒரு மூச்சு நின்று வாருங்கள். வேகச் சூரிய நமஸ்காரம், 108 சுற்று விழா, சூடேற்றிய அறையில் நடக்கும் ஹாட் யோகா எதுவும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நோய் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கணக்கையும் தண்டனையையும் மறுபடி செய்பவை.

கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பது சிலருக்குப் பயத்தைக் கிளப்பும். முன்பு உடல்ரீதியான அத்துமீறலைச் சந்தித்தவர்களுக்கு இன்னும் அதிகம். அவர்கள் கண்ணைத் திறந்து, பக்கவாட்டில் படுத்துக்கொள்ளலாம். சவாசனத்தைவிட நடந்து முடிப்பது நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே முடிக்கட்டும்.

கபாலபாதி, கிரியைகள் எல்லாம் உடலைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹட யோக மரபில் வமன தௌதி என்றும் குஞ்ஜல் என்றும் சொல்லப்படும் கிரியை, நீர் அருந்தி வாந்தி எடுப்பது. சங்கப் பிரக்ஷாளனம் என்பது குடலை முழுவதும் கழுவித் தள்ளுவது. புலிமியாவிலிருந்து மீளும் ஒருவருக்கு இவற்றைச் சொல்லித்தருவது, அவர் விடப் போராடும் அதே செயலுக்குப் புனிதச் சாயம் பூசித் திருப்பிக் கொடுப்பது. உப்புச் சமநிலை குலைவது வேறு.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேகமாக மூச்சை வெளித்தள்ளுபவை. பதற்றக் குணம் உள்ளவருக்கு மயக்கமோ படபடப்போ வரும். போதாததற்கு “தொப்பை கரையும்” என்ற விளம்பரத்தோடுதான் இவை நம் ஊரில் விற்பனையாகின்றன. மூச்சைப் பிடித்துவைக்காமல் இரு நாசியிலும் மாறி மாறி மூச்சுவிடும் நாடி சுத்தியும், தேனீபோல் முனகி மூச்சை வெளிவிடும் பிராமரியும் போதும். வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீண்டால் உடல் தானே தணியும்.

யோகாவை வெறும் வயிற்றில்தானே செய்ய வேண்டும்?

பொதுவான அறிவுரை அதுதான். மீண்டுவருபவருக்கு அது பொருந்தாது. அதிகாலை வகுப்பு காலை உணவைத் தள்ளிப்போட நல்ல சாக்கு. “வகுப்பு முடிந்து சாப்பிடுகிறேன்” என்பது “குளித்துவிட்டு” ஆகி, “இனி மதியமே சாப்பிடுகிறேன்” என்று முடியும். மாலை வகுப்புக்குப் போங்கள். மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, நடுவில் உணவியல் நிபுணர் சொன்ன சிற்றுண்டி, ஒரு வாழைப்பழமோ பாலோ சுண்டலோ, சாப்பிட்டுவிட்டுச் செய்தால் ஆசனத்துக்கு ஒரு குறையும் வராது. வகுப்பு உணவு நேரத்தில் குறுக்கிட்டால் நகர வேண்டியது வகுப்புதான்.

சாத்விக உணவு, விரதம், “கால் வயிறு காலியாக இரு” என்கிறது யோக மரபு. அதைப் பின்பற்ற வேண்டாமா?

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல், யோகம் கைகூடியதன் அடையாளங்களில் முதலாவதாக உடல் மெலிவையே சொல்கிறது என்பது உண்மை. வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடச் சொல்வதும் அதே நூல். அது வயிறு புடைக்கத் தின்னும் ஆசையோடு போராடிய துறவிகளுக்கு எழுதியது. பசியையே எதிரியாக்கிக்கொண்ட பதினேழு வயதுப் பெண் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வாள். அவளுக்குக் காட்ட வேண்டியது பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம்: மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கிருஷ்ணர் சொல்லும் இடம்.

உணவைச் சாத்விகம், தாமசம் என்று தரம் பிரிப்பது, “நல்ல உணவு, கெட்ட உணவு” என்று ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கும் மனத்துக்கு இன்னொரு தடைப்பட்டியலைத் தருகிறது. நோய் தொடங்கிய பிறகு ஒருவர் திடீரென வெங்காயம், பூண்டு, எண்ணெய், கடைசியில் தயிர் என்று ஒவ்வொன்றாக விட்டால் அதைப் பக்தி என்று கொண்டாடாதீர்கள். ஏகாதசி, சஷ்டி விரதங்களைச் சிகிச்சை முடியும்வரை வீட்டில் வேறு யாராவது இருக்கட்டும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது குர்ஆனிலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் “நீ இருக்க வேண்டாம், நான் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னால், மருத்துவரின் பத்து அறிவுரைகளைவிட அது அதிகம் வேலை செய்யும்.

ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பலகையைப் படியுங்கள். “ஒரே மாதத்தில் தொப்பை குறைய” என்று எழுதியிருந்தால் படியேறவே வேண்டாம். எடை இயந்திரம் வைத்திருக்கும் இடமும், மாதாமாதம் “முன்பு, பின்பு” படம் ஒட்டும் இடமும் அப்படியே. சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தால் கடைசி வரிசையில் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் தனிநபருக்கேற்ற யோகத்துக்குப் பழைய வேர் உண்டு. மைசூரில் பயிற்றுவித்து, பிறகு சென்னைக்கு வந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், வருபவரின் உடலுக்கும் வயதுக்கும் ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த முறையில் நடப்பது. எங்கே போனாலும் கேட்க வேண்டியது இதே அணுகுமுறைதான்: தனி வகுப்பு, கூட்டத்தோடு ஓடவைக்காத வேகம், என் மருத்துவரோடு பேசத் தயாரான ஆசிரியர்.

நோயின் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், “இதயமும் எலும்பும் பலவீனமாக இருப்பதால் சிலவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தொட்டுத் திருத்த வேண்டாம், எடையைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று சொன்னாலே நல்ல ஆசிரியர் புரிந்துகொள்வார். “மெலிந்துவிட்டாயே, சூப்பர்!” என்று ஒரு முறை சொன்னால் திருத்துங்கள். மறுமுறையும் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு சாய்வாசன வீடியோ முடிந்த மறுநிமிடம் “பத்து நிமிடத்தில் கொழுப்பு எரிக்க” என்று அடுத்தது தானே ஓடத் தொடங்கும். ஆசிரியர் குரலில் பதிவுசெய்து கொடுத்த ஒலிப்பதிவு இருந்தால் அதைக் கேட்டுச் செய்யுங்கள்.

யோகாவே புதிய வெறியாக மாறினால்?

மாறும்; அடிக்கடி மாறுகிறது. அனோரெக்சியா உள்ளவர்களில் பலருக்கு ஓயாத உடற்பயிற்சியே நோயின் ஒரு பகுதி. ஓட்டத்தைத் தடுத்தால் அது மாடிப்படிக்கு மாறும், அதையும் தடுத்தால் யோகப் பாய்க்கு வரும். வீட்டார் “யோகாதானே, நல்லதுதானே” என்று விட்டுவிடுவார்கள். காய்ச்சலிலும் விடாமல் செய்வது, ஒரு நாள் தவறினால் சாப்பாட்டைக் குறைப்பது, கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவில் செய்வது, மெதுவான வகுப்பை “இது ஒன்றுமே இல்லை” என்று ஒதுக்குவது, சவாசனத்துக்கு முன்பே எழுந்துபோவது ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது நேரத்தைக் குறைத்து, வேறொருவர் உடனிருக்கும்போது மட்டும் என்று மாற்ற வேண்டும். இதை ஆலோசகரிடம் சொல்லிவிடுவது காட்டிக்கொடுப்பது ஆகாது.

என் மகளுக்கு இந்த நோய். நான் அவளோடு சேர்ந்து யோகா செய்யலாமா?

செய்யுங்கள், அம்மா. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் குறைபேசாமல் செய்ய முடியுமென்றால். “எனக்கும் இந்த இடுப்புச் சதை குறைந்தால் நன்றாக இருக்கும்” என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி அவள் காதில் பல நாள் ஒலிக்கும். விசேஷ வீடுகளில் “என்னடி இப்படி இளைத்துவிட்டாய்”, பிறகு “இப்போதுதான் நல்லா பூசினாற்போல் இருக்கிறாய்” என்று விசாரிக்கும் அத்தைமார்களை முன்கூட்டியே தனியாக அழைத்துப் பேசிவையுங்கள். இரண்டாவது வாக்கியம் அன்பில் சொல்வது, ஆனால் மீண்டுவரும் பெண்ணுக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

யோகாவை உணவோடு பேரம் பேசாதீர்கள். “இதைச் சாப்பிட்டால் வகுப்புக்கு விடுகிறேன்” என்றால் வகுப்பு பரிசாகி, உணவு அதற்கான விலையாகிவிடும். மருத்துவக் காரணத்தால் நிறுத்த நேர்ந்தால், “உன் நாடித்துடிப்பு குறைவாக இருக்கிறது, அது ஏறியதும் போகலாம்” என்று காரணத்தைச் சொல்லுங்கள். சாப்பிட்டபின் அவளோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது எந்த ஆசனத்தையும்விட முக்கியம். அப்போது சேர்ந்து பிராமரி செய்யலாம். தாயம் ஆடினாலும் சரிதான்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். அவர்களிடம் அது பெரும்பாலும் “சிக்ஸ் பேக்”, புரோட்டீன் பொடி, ஜிம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் என்பதால் கண்டுபிடிக்கவே தாமதமாகிறது. மேலே சொன்னவை அனைத்தும் அவர்களுக்கும் பொருந்தும்.

அளவு மீறி உண்ணும் பழக்கம் உள்ளவர்களுக்கு யோகா எடையைக் குறைக்குமா?

எடைக்காகச் செய்தால் இந்தப் பழக்கம் அதிகரிக்கவே செய்யும். பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் உடைவதுதான் பலரிடம் நடக்கும் சுழற்சி. ஆகவே இவர்களுக்கும் முதல் மருந்து வேளைக்கு வேளை சாப்பாடுதான். ஆஸ்திரேலியாவில் 2009இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 12 வார யோகத்துக்குப் பின் அளவு மீறி உண்பது குறைந்ததாகக் கண்டார்கள். உந்துதல் வரும்போது அதற்கும் கைக்கும் நடுவே சில நிமிட இடைவெளியை உண்டாக்குவதே இதில் யோகாவின் பங்கு என்று நினைக்கிறேன். பெரிய உடம்புள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். அப்படிச் சொல்லித்தரத் தெரியாத ஆசிரியரிடம் குறை இருக்கிறது. உங்கள் உடம்பில் இல்லை.

உதவிக்கு யாரை அணுகுவது? எப்போது காத்திருக்கக் கூடாது?

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

மயங்கி விழுவது, நெஞ்சு படபடப்பு அல்லது வலி, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட இறங்காதது, கை கால் வீக்கம், குழம்பிய பேச்சு, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் யோகா வகுப்பையும் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டையும் மறந்துவிட்டு, 108ஐ அழைத்து அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வெறும் “பலவீனம்” என்று சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா, மலமிளக்கி எடுக்கிறாரா என்பதைப் பணியிலிருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அவர் அறிய வேண்டிய செய்தி அது.